சிரட்டை வைக்காத கதிரை

பிறின்சி செய்த பிழை ஒன்றே ஒன்றுதான். படிவம் நிரப்ப வந்தவனிடம் உண்மையைச் சொல்லிவிட்டாள்.

பேசாலையைத் தாண்டித் தலைமன்னார்ப் பக்கம் போகிற அந்தக் கரையில், நடக்கப் பழகிய பிள்ளைக்கும் தெரிந்த ஒழுங்கு ஒன்று உண்டு. படிவத்தைக் கண்டால் அழவேண்டும். கூரை ஒழுகுது, கிணறு உவர், மனுசனுக்கு நாரிப்பிடிப்பு, பிள்ளைகளுக்குப் பசியில்லை, பசி வந்தால் சோறில்லை. யுத்தம் முடிந்த நாளிலிருந்து வந்து போன திட்டங்களை எல்லாம் இந்தக் கண்ணீர்தான் ஊற்றி வளர்த்தது. பக்கத்து வளவு றோஸ்மேரி இதில் கரைகண்டவள். நாலு ஆடு, ஒரு தையல் மெஷின், ஒரு கறுப்புத் தண்ணீர்த் தாங்கி என்று அழுதே குடும்பத்தை நிமிர்த்தியவள். ஆட்டுக்காக அவள் அழுத அன்று, வந்த உத்தியோகத்தர் தன் லேஞ்சியை எடுத்துக் கண்ணைத் துடைக்கக் கொடுத்துவிட்டு, திருப்பிக் கேட்க மனம் வராமல் போனார். அந்த லேஞ்சி இன்னும் அவளிடம் இருக்கிறது. புதிய திட்டம் எது வந்தாலும் அதைத்தான் வெளியே எடுப்பாள்.

பிறின்சிக்கும் அழத் தெரியாமல் இல்லை. ஜவாஹிர் படிவத்தோடு வந்த நாள்தான் பிழையாய்ப் போனது. அது ஞாயிற்றுக்கிழமை.

அந்த வீட்டில் ஞாயிறு ஒன்றுதான் நாள். மற்ற ஆறும் அதற்குக் காவல். பிறின்சியின் மனுசன் பஸ்ரியன் பொழுது சாயக் கடலுக்குப் போய் விடியக் கரைக்கு வருகிறவன். பிள்ளைகள் பள்ளிக்கூடம் வெளிக்கிடும்போது அவன் படுப்பான். அவர்கள் திரும்பி வந்து புத்தகப் பையைக் கழற்ற, இவன் எழும்பி வலையைத் தூக்குவான். கிழமை நாட்களில் அந்த மூன்று பிள்ளைகளுக்கும் தகப்பன் என்பது பாயில் கிடக்கிற ஒரு குறட்டை. சனி பின்னேரம் ஊரில் ஒருவரும் படகு இறக்குவதில்லை. அதனால் ஞாயிறு பூசை முடிந்து வந்தால் பஸ்ரியன் முழித்த கண்ணோடு, பகல் வெளிச்சத்தில், முழு மனுசனாக வளவுக்குள் இருப்பான்.

அன்றைக்குப் புட்டும் நண்டுக் கறியும். நண்டு என்றதும் பெரிய பவிசு என்று நினைக்கவேண்டாம். முழு நண்டெல்லாம் ஐஸ் பெட்டிக்குள் ஏறி வெளிநாடு பார்க்கப் போய்விடும். கால் ஒடிந்ததைக் கம்பனி எடுக்காது. எடுக்காதது வீட்டுக்கு. கடைக்குட்டி சைனிக்கு ஐந்து வயது. "யேசுவே, ரெண்டு நண்டுக்காவது கால் ஒடியட்டும்" என்று செபத்தில் வேண்டிக்கொள்வாள். கேட்ட மாத்திரத்தில் ஒடித்துக் கொடுக்கிற கடவுளாக அவர் அவளுக்கு இருந்தார்.

சாப்பிட்ட பிறகு விளையாட்டு. விளையாட்டுகளிலே பெரியது கதிரைத் தாழ்ப்பு. அந்த வளவு முழுக்க மணல். வீட்டில் இருந்த பிளாஸ்ரிக் கதிரை மூன்றுக்கும் மெல்லிய கால்கள். வந்தவர் இருந்து கதைக்கத் தொடங்கினால் கதிரை மெல்ல மெல்ல மணலுக்குள் இறங்கும். எந்தக் கால் முதலில் முழுதாய் இறங்கும் என்று பிள்ளைகள் கரையில் பொறுக்கிய சோகியில் ஆளுக்கொன்றைப் பந்தயமாக முன்னால் வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் குந்தியிருப்பார்கள். விழும் வரைக்கும் சிரிக்கக்கூடாது. அதுதான் சட்டம், அதுதான் சுகமும். கதை கூடக்கூடக் கதிரை கெதியாய்த் தாழும் என்பது பதினொரு வயது டினோஜா கண்டுபிடித்த உண்மை. பங்குச் சுவாமி பதினொரு நிமிடம் தாக்குப்பிடித்தார். கிராம சேவகர் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கும்போதே மல்லாந்தார். அவருடைய கையெழுத்து அந்தக் கடதாசியின் ஓரத்தைத் தாண்டி மேசை வரைக்கும் போயிருந்தது. மெலிந்த மனிதர்களும் குறைவாகப் பேசுகிறவர்களும் வந்தால் பிள்ளைகளுக்குப் பெரிய நட்டம்.

இப்படியான ஒரு ஞாயிறு பின்னேரம், வயிறு நிறைந்து, வீடே சிரித்துக்கொண்டிருக்கும்போதுதான் எருக்கலம்பிட்டிப் பொடியன் ஜவாஹிர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினான். 'சிக்கனத்தில் சிரிப்பு' என்ற செயற்றிட்டத்தின் வெளிக்கள உத்தியோகத்தர். குறைந்த வருமானத்தில் பிள்ளைகளைச் சந்தோசமாக வளர்ப்பது எப்படி என்று ஆராய்கிற திட்டம் அது. படிவத்தில் ஐம்பது கேள்வி.

"பிள்ளைகளின்ட பொழுதுபோக்குக்கு மாசம் என்ன செலவு வருது அக்கா?"

"ஒண்டுமில்லைத் தம்பி."

"விளையாட்டுச் சாமான் என்னென்ன இருக்கு?"

"கழுதை."

ஜவாஹிர் பேனையைத் தூக்கினான். "உங்கட கழுதையா?"

"மன்னாரிலை ஆர் தம்பி கழுதை வளர்க்கிறது? அதுகள் தன்ரபாட்டிலை வரும். இதுகள் ஏறும். அது தள்ளிவிடும். திரும்ப ஏறும்."

'சமூகப் பொது வளம்' என்று எழுதினான். அதற்குத் தனிப் புள்ளி இருந்தது.

"பிள்ளைகளுக்குப் பயம் குடுக்கிற விசயம் ஏதும்?"

பிறின்சி யோசிக்க முந்தி சைனி சொன்னாள். "முழு நண்டு."

இந்த இடத்திலாவது பிறின்சி சுதாகரித்திருக்கலாம். வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற றோஸ்மேரி லேஞ்சியைத் தூக்கித் தூக்கிக் காட்டினாள். அவள் ஏதோ கொடியில் காயப்போடுகிறாள் என்று பிறின்சி நினைத்தாள். முப்பத்தோராவது கேள்வி, பிள்ளைகள் ஒரு நாளைக்கு எத்தனை தரம் சிரிப்பார்கள் என்பது.

"ஆர் தம்பி எண்ணிக்கொண்டிருக்கிறது?"

"ஒரு மதிப்பீடா சொல்லுங்க அக்கா" என்று ஜவாஹிர் கொஞ்சம் முன்னுக்குச் சரிய, கதிரையின் முன் வலது கால் முழுதாய்ப் போனது. படிவம் மணலில் படாமல் ஒரு கையைத் தூக்கிப் பிடித்தபடி அவன் குப்புற விழுந்தான். எட்டு வயது எமில் எல்லாருடைய சோகியையும் அள்ளினான். வளவு அதிர்ந்தது. ஜவாஹிர் நேர்மையானவன். 'நேரடி அவதானிப்பு' என்று ஒரு கட்டம் இருந்தது. விழுந்தபடியே அதை நிரப்பினான்.

கொழும்புத் தலைமைக் கந்தோரில் படிவங்களைக் கூட்டிப் பார்த்தார்கள். மாவட்டம் முழுவதும் அழுதிருந்தது. ஒரே ஒரு குடும்பத்துக்கு ஐம்பதுக்கு ஐம்பது.

இரண்டு கிழமைக்குள் பலகை வந்தது. இரண்டு இரும்புத் தூண்கள். அவை பிறின்சியின் கூரையைத் தாங்குகிற மரங்களைவிடத் தடிப்பு. மூன்று மொழியில் எழுத்து: 'இங்கு ஒரு மகிழ்ச்சியான குடும்பம் வசிக்கிறது.' கீழே ஒரு குடும்பத்தின் படம். தகப்பன் வீட்டுக்குள்ளேயே சப்பாத்துப் போட்டிருந்தான். பிள்ளைகள் இரண்டு.

"நான் எங்கை?" என்றாள் சைனி.

"நீ திட்டத்திலை இல்லை" என்றான் எமில். செயற்றிட்டத்தின் முதல் கண்ணீர் அன்று விழுந்தது.

பலகையைத் திறந்துவைக்கப் பணிப்பாளரே வந்தார். மகிழ்ச்சியைப் பற்றி மூன்று நாடுகளில் படித்துக் கலாநிதிப் பட்டம் வாங்கியவர். படித்ததற்கான அடையாளம் முகத்தில் எங்கேயும் இல்லை. உயர்ந்த மனிதர், கனத்த மனிதர். குனிந்து ஒன்றைப் பார்ப்பது அவர் பழக்கத்தில் இல்லை. நாற்பது நிமிடம் பேசினார். அதில் முப்பது நிமிடம் தம்மைப் பற்றியது, மீதி மகிழ்ச்சியைப் பற்றியது. பிள்ளைகள் அவரது கதிரைக் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் அவர் இருந்தது திட்டம் கொண்டுவந்த கதிரையில், கதிரை இருந்தது திட்டம் கொண்டுவந்த பலகை மேடையில். ஒரு சோகியும் அசையவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் மூன்று மணிக்கு ஒரு வான் வந்தது. இலுப்பைக்கடவை, விடத்தல்தீவு, அரிப்பு என்று ஒவ்வொரு கரையிலிருந்தும் தாய்மாரை ஏற்றி வந்து மகிழ்ச்சியைக் காட்டினார்கள். அவர்கள் பாயில் இருந்து கொப்பியைத் திறந்தார்கள். சுவரில் தொங்கிய மகிழ்ச்சி நாட்காட்டிப்படி மூன்று மணி முதல் மூன்று இருபது வரை 'தந்தையின் பங்களிப்பு'. பஸ்ரியன் சைனியைத் தோளில் தூக்கிவைத்து முன்னும் பின்னும் நடக்கவேண்டும். முதல் ஞாயிறு நடந்தான். நாலாம் ஞாயிறு, "இன்னொருக்கா நடவுங்கோ அண்ணை, எழுத முந்தித் திரும்பிட்டியள்" என்று ஒரு தாய் கேட்டாள். கழுதையின் கழுத்தில் செயற்றிட்டத்தின் இலக்கத் தகடு ஒன்று தொங்கியது. அதைக் கட்டிவிட்ட நாளிலிருந்து அது இந்தப் பக்கம் பகலில் வருவதைக் குறைத்துக்கொண்டது. விடியப்புறத்தில் வந்து பூவரசுக்குக் கீழே உருண்டுவிட்டுப் போய்விடும். மிருகமானாலும் அதற்கு ஒரு மானம் இருந்தது.

கதிரைத் தாழ்ப்பு முற்றாக நின்றது. 'பார்வையாளர் பாதுகாப்பு' என்று ஒரு சுற்றறிக்கை. கதிரைக் கால் நாலுக்கும் கீழே சிரட்டை கவிழ்த்து வைக்கவேண்டும் என்று ஜவாஹிர்தான் வந்து சொன்னான். சொல்லும்போது பிள்ளைகளின் முகத்தைப் பார்க்கவில்லை.

"அக்கா, உண்மையைச் சொல்லுங்கோ, உங்களுக்கு என்ன தாறாங்கள்?" என்று இலுப்பைக்கடவைக்காரி ஒருத்தி ஒருநாள் காதுக்குள் கேட்டாள்.

"பலகை."

"வேறை?"

"நாட்காட்டி."

அவள் தன் சாப்பாட்டுப் பார்சலில் இருந்த முட்டையை எடுத்துப் பிறின்சியின் கையில் வைத்துவிட்டுப் போனாள்.

மற்ற நாட்களிலும் நிம்மதி இல்லை. எமில் கொப்பியைக் கிழித்ததற்குப் பிறின்சி தடியை எடுத்தால், வேலிக்கு மேலாக றோஸ்மேரியின் தலை தெரியும். "பலகைக்குக் கேக்கப்போகுது பிறின்சி" என்பாள். ஒழுங்கையால் போகிற பெண்கள், "மகிழ்ச்சி எங்கை வெளிக்கிட்டுது?" என்று கேட்பார்கள். பிறின்சிக்கும் பஸ்ரியனுக்கும் பதின்மூன்று வருசக் கலியாணம். வாய்விட்டு ஒரு சண்டை பிடிக்க வழியில்லாமல் இருவரும் குசினிக்குள் குசுகுசுவென்று சண்டை பிடித்தார்கள். பாதியில் எதற்குச் சண்டை என்பதே மறந்துபோனது.

பன்னிரண்டாவது ஞாயிறு வான் போன பிறகு பஸ்ரியன் தோளைத் தடவிக்கொண்டு சொன்னான். "இஞ்சை பார் பிறின்சி. வாற கிழமை தொட்டு நான் ஞாயிறு பகலும் கடலுக்குப் போறன்."

"ஞாயிறோ? ஊர் என்ன சொல்லும்? சுவாமி என்ன சொல்லுவார்?"

"சுவாமியிட்டைப் பாவசங்கீர்த்தனத்திலை சொல்லுவன். மீன் எண்டாலும் என்னைப் பாத்துக் கொப்பியிலை எழுதாது."

அவன் பகிடியாகச் சொல்லவில்லை. பிறின்சி யோசித்தாள். கூரை ஒழுகினால் சட்டி வைக்கலாம். கறி இல்லாவிட்டால் சம்பல் அரைக்கலாம். ஞாயிறும் போனால் பிள்ளைகளுக்கு மிஞ்சுவது குறட்டை மட்டும்தான். அதற்கு மாற்றாக வைக்க அவளிடம் ஒன்றும் இல்லை.

"ஒரு கிழமை பொறுங்கோ" என்றாள். "அடுத்த ஞாயிறு பணிப்பாளர் மதிப்பீட்டுக்கு வாறார். அதோடை நான் முடிக்கிறன்."

அவளுடைய கணக்கு நேரானது. சந்தோசத்தைப் பார்க்கத்தானே இவர்கள் வருகிறார்கள். சந்தோசம் இல்லையென்றால் வரமாட்டார்கள். ஒரு மணித்தியாலம், அந்த ஒரு மணித்தியாலம் மட்டும், குடும்பம் துக்கமாய் இருந்துவிட்டால் போதும்.

ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் பிள்ளைகளை வரிசையாக இருத்தினாள். "இண்டைக்கு ஒருத்தரும் சிரிக்கக்கூடாது. பசி, வருத்தம், கவலை. விளங்கிச்சுதோ?"

"எனக்கு என்ன வருத்தம்?" என்றான் எமில்.

"உனக்குப் பிடிச்ச வருத்தத்தை எடு."

எமில் நாரிப்பிடிப்பை எடுத்தான். இடுப்பை வளைத்து, நாரியைப் பிடித்துக்கொண்டு, றோஸ்மேரியின் மாமனார் மாதிரி, ஒவ்வொரு அடிக்கும் ஒரு காற்றைப் பிரித்துக்கொண்டு நடந்தான். சைனி உருண்டு உருண்டு சிரித்தாள். பஸ்ரியன் தலையில் துவாயைப் போட்டு மூலையில் குந்தினான், துவாய் குலுங்கியது. டினோஜா கோயிலில் பெரிய வெள்ளிக்கு ஒப்பாரி படிக்கிற கூட்டத்தில் இருப்பவள். அந்த இராகத்தை எடுத்து, அறுந்த செருப்பு ஒன்றுக்கு ஒப்பாரி கட்டிப் படித்தாள். மூன்று மாதத்தில் அந்த வீட்டில் இவ்வளவு சிரிப்பு வந்ததில்லை. பிறின்சி தலையில் அடித்துக்கொண்டாள். அவளுக்கும் சிரிப்பு வந்தது. அதுதான் அவளைப் பயப்படுத்தியது.

மூன்று மணிக்கு வெள்ளை வாகனம் வந்தது. பணிப்பாளர் இறங்கினார். பின்னால் மதிப்பீட்டு உத்தியோகத்தர் துசாந்தினி, கையில் தொடுதிரை டப். அதற்கும் பின்னால், நாலு கோப்போடு ஜவாஹிர். இந்த முறை மேடை கொண்டுவரவில்லை. பிறின்சி நல்ல கதிரையில் வெள்ளைத் துவாய் விரித்து, கால் நாலுக்கும் கீழே சிரட்டை கவிழ்த்து வைத்திருந்தாள். பணிப்பாளர் இருந்தார். சிரட்டைகள் முனகின, ஆனால் தாங்கின.

பிள்ளைகள் வரிசையாகக் குந்தினார்கள். எமிலின் வாய் ஓரம் துடித்தது. டினோஜா நிலைமையை உணர்ந்து மெல்ல இராகத்தை எடுத்தாள். செருப்பை விட்டு நண்டுக்கு வந்தாள்.

"காலொடிஞ்ச நண்டே, என்ர கண்மணியே,
கம்பனியும் கைவிட்ட ராசாவே,
ஆர் ஒடிச்சார் உன் காலை, ஆர் வேண்டிக்கொண்டார்..."

அந்தக் கடைசி வரி அவளுக்குச் சும்மா வாயில் வந்தது. சைனி நிமிர்ந்தாள். யார் வேண்டிக்கொண்டார் என்பது அவளுக்குத் தெரியும். எத்தனை ஞாயிறு, எத்தனை நண்டு.

"நண்டுக்கு நோகுமோ?" என்று கேட்டாள்.  அவள் கீழுதடு பிதுங்கியது. பிறகு வாய் திறந்தது. அந்த அழுகை வேலியைத் தாண்டி, றோஸ்மேரியின் ஆடுகளைத் தாண்டி, கடல் வரைக்கும் போனது. தங்கச்சி உண்மையாய் அழுவதைக் கண்டு எமில் பயந்து அழுதான். தான் பாடித்தான் இவ்வளவும் என்று டினோஜா அழுதாள். பஸ்ரியன் துவாயை விலக்கிப் பார்த்தான். இது பழகியதில் இல்லையே என்று அவன் கண் பிறின்சியைக் கேட்டது.

துசாந்தினி டப்பில் தட்டினாள். "ஐம்பதுக்குப் பதினொண்டு, சேர்."

பணிப்பாளரின் முகம் அப்போதுதான் மலர்ந்தது. மூன்று நாட்டுப் படிப்பும் செய்யாததை அந்தப் பதினொன்று செய்தது. "அருமை" என்றார். "மிக அருமை. ஆழமான தேவை இருக்கிறது."

பிறின்சி நிம்மதியோடு தேத்தண்ணி போடக் குசினிக்குள் போனாள். ஜவாஹிர் கோப்புகளோடு பின்னால் ஓடி வந்தான்.

"அக்கா, என்ன வேலை பாத்திருக்கீங்க?"

"ஏன் தம்பி? அழுதால் போயிடுவினம்தானே?"

"ஆரு சொன்னது? புள்ளி குறைஞ்சா ரெண்டாம் கட்டம் அக்கா. மூணு வருசம். கிழமைக்கு மூணு நாள் வருவாங்க. இங்கயே ஒரு கந்தோர் கட்டிருவாங்க, அல்லாஹ் காவல். புள்ளி கூடினாலும் அவங்களுக்கு நல்லது, குறைஞ்சாலும் நல்லது. ஏதாச்சும் அசையணும். அசையாம அதே ஐம்பதில நிண்டாத்தான் காசு குடுக்கிறவங்களுக்குக் காட்ட ஒண்டுமில்லாமப் போகும். தாக்கம் இல்லை எண்டு மூடிருவாங்க."

குசினி யன்னலால் ஒரு கை உள்ளே வந்தது. வேலிக்குள்ளால் புகுந்து வந்த றோஸ்மேரியின் கை. கையில் அந்த லேஞ்சி.

"இந்தா, பிடி" என்றாள். "அழுகையைக் கேட்டனான். நல்லாய்த்தான் போகுது. எனக்கு நாலு ஆட்டுக்கே இதிலை பாதிதான் வேண்டிக்கிடந்தது. உனக்கு மாடு கிடைக்கும்."

பிறின்சி லேஞ்சியைப் பார்த்தாள். பிறந்து வளர்ந்த கரை. படிவத்தைக் கண்டால் அழவேண்டும் என்று சைனிக்கே தெரியும். ஏன் அழவேண்டும்? அழுதால் அவர்கள் வருவார்கள். இந்தக் கரையில் அழுது ஒருவரைத் திருப்பி அனுப்பிய சரித்திரம் உண்டா? ஒருமுறை அழவேண்டிய இடத்தில் சிரித்தாள். இன்று சிரிக்கவேண்டிய இடத்தில் பிள்ளைகளை அழவிட்டுவிட்டாள்.

"எவ்வளவு நேரம் கிடக்குது தம்பி?"

"சேர் முடிவுரை பேசுவார். அதுவரைக்கும் புள்ளியை மாத்தலாம்."

"அப்ப நேரம் கிடக்குது."

ஊற்றிய தேத்தண்ணியை ஜவாஹிரிடம் கொடுத்துவிட்டு வெளியே வந்தாள். மூன்று பிள்ளைகளும் விக்கிக்கொண்டிருந்தார்கள். இனிப்பு இல்லை, விளையாட்டுச் சாமான் இல்லை, சிரி என்று சொன்னால் இன்னும் அழும். அவள் கண் வளவைச் சுற்றியது. பூவரசு மரத்தடியில் நின்றது. கழுதை விடியப்புறம் வந்து உருளுகிற இடம். உருண்டு உருண்டு அந்த மணல் அரித்த மா மாதிரி இருந்தது. காகம் இருந்தாலே கால் புதையும்.

"சேர், அதிலை வெயில் பட்டுடும்" என்றாள். "நிழலுக்கு வாங்கோ."

அவர் எழும்பினார். பிறின்சி தானே கதிரையைத் தூக்கிக்கொண்டுபோய் மரத்தடியில் வைத்தாள். வெள்ளைத் துவாயைத் தட்டி விரித்தாள். சிரட்டைகள் நாலும் பழைய இடத்தில் கவிழ்ந்தபடி கிடந்தன.

ஜவாஹிர் கதிரைக் கால்களைப் பார்த்தான். சுற்றறிக்கை அவனுடைய மூன்றாவது கோப்புக்குள் இருந்தது. "அக்கா, சிர..." என்று தொடங்கினான்.

"தம்பி, தேத்தண்ணி ஆறுது" என்றாள் பிறின்சி.

ஜவாஹிர் தேத்தண்ணியைக் குடித்தான். குடிக்கும்போது கடலைப் பார்த்தான்.

பணிப்பாளர் இருந்து தொண்டையைச் செருமினார். "வறுமை என்பது ஒரு மனநிலை" என்று ஆரம்பித்தார். அதைச் சொல்லி முடிக்கவே பின் இடது கால் நாலு விரல் போய்விட்டது.

முதலில் கண்டவன் எமில். விக்கல் பாதியில் நின்றது. அவன் டினோஜாவின் முழங்கையை இடித்தான். டினோஜா கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள். பணிப்பாளர் மகிழ்ச்சியின் ஐந்து தூண்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். முதலாவது தூணில் முன் வலது காலும் இறங்கத் தொடங்கியது. எமிலின் கை காற்சட்டைப் பைக்குள் போய் ஒரு சோகியோடு வெளியே வந்தது. "பின் இடது" என்று வாயை மட்டும் அசைத்தான். டினோஜா தன் சோகியை வைத்தாள். பஸ்ரியன் துவாயை முழுதாகக் கழற்றிவிட்டு நகர்ந்து வந்து குந்தினான். மூன்று மாதத்துக்குப் பிறகு அவன் தானாகக் குந்தியது அப்போதுதான். அவனிடம் சோகி இல்லை. சட்டைப் பொத்தானைக் கழற்றி வைத்தான்.

மூன்றாவது தூணில் பணிப்பாளரின் முழங்கால் நெஞ்சுக்கு நேராக வந்தது. நாலாவதில் அவருடைய கண்ணும் சைனியின் கண்ணும் ஒரே மட்டத்தில் இருந்தன. உலகம் உயர்ந்து வருவதாக அவர் நினைத்திருக்கலாம். தாம் தாழ்வது அவர் சிந்தனைக்கே எட்டாத விசயம். குரல் குறையவில்லை. கை இன்னும் வானத்தைக் காட்டியது. துசாந்தினி, "சேர்" என்றாள். "பிறகு" என்றார். சைனி அழுகையை மறந்து, தன்னிடம் இருந்த ஒரே சோகியைக் கொண்டுபோய் அவருடைய சப்பாத்துக்குப் பக்கத்திலேயே பயபக்தியோடு வைத்தாள்.

"ஐந்தாவது தூண்" என்றார் பணிப்பாளர். "அதுதான் இவை எல்லாவற்றையும் தாங்குகிற..."

கதிரை பின்னுக்குப் போனது. மெதுவாக, மரியாதையாகப் போனது. முதலில் வெள்ளைத் துவாய், பிறகு கழுத்துப்பட்டி, கடைசியாக வானத்தைப் பார்த்து இரண்டு சப்பாத்து. தூண்களைக் காட்டிய விரல் மட்டும் ஐந்தாவதை விடாமல் நீட்டியபடி நின்றது.

 விழும் வரைக்கும் சிரிக்கக்கூடாது என்பதுதான் சட்டம். விழுந்தாயிற்று.

பிள்ளைகள் சிரித்ததை எழுத்தில் கொண்டுவர முடியாது. எமிலுக்கு உண்மையிலேயே நாரி பிடித்துக்கொண்டது. பஸ்ரியன் மணலில் முகம் புதைத்துக் கையால் அடித்தான். குசினி யன்னலில் றோஸ்மேரி லேஞ்சியை வாய்க்குள் திணித்திருந்தாள். வாழ்நாளில் முதல் தரம் அந்த லேஞ்சியில் சிரிப்புக் கண்ணீர் பட்டது. ஜவாஹிர் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றான், வேலியும் ஆடியது. துசாந்தினிதான் பாவம். படிவம் கட்டளையிட்டபடி சிரிப்புகளை எண்ணவேண்டியவள் அவள். எண்ணிக்கொண்டே சிரித்தாள், தன்னுடையதைச் சேர்ப்பதா விடுவதா என்று தெரியாமல் திண்டாடினாள்.

பிறின்சி மட்டும் சிரிக்கவில்லை. டப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பணிப்பாளரைத் தூக்கி நிறுத்தினார்கள். முதுகில் மணலும் கழுதை விட்டுப்போன வேறு சிலதும் ஒட்டியிருந்தன.

"எத்தனை?" என்றார்.

"ஐம்பது, சேர்."

"போன முறை?"

"அதுவும் ஐம்பது, சேர்."

"அப்போ எங்கள் திட்டத்தால் வந்த மாற்றம்?"

துசாந்தினி இரண்டு தரம் தட்டிப் பார்த்தாள். "பூச்சியம், சேர்."

பணிப்பாளர் பிறின்சியைப் பார்த்தார். பலகையைப் பார்த்தார். "வளர்ச்சிக்கு ஒத்துழைக்காத குடும்பம்" என்றார். வாகனம் போனது. அவரை இருத்துவதற்கு முன் இருக்கையில் கடதாசி விரிக்கவேண்டியிருந்தது. அதற்குக் கிடைத்தது மகிழ்ச்சி நாட்காட்டி.

இதுதான் நடந்தது. அதன் பின் சைனியைத் தேற்றத்தான் பிறின்சி பெரும்பாடு பட்டாள். இனிமேல் நண்டுக்குக் கால் ஒடியவேண்டும் என்று கேட்கமாட்டேன் என்றாள் அவள். இரண்டு நாள் யோசித்து, ஏற்கெனவே ஒடிந்ததை அனுப்பும்படி செபத்தைத் திருத்திக்கொண்டாள்.

அடுத்த சனிக்கிழமை ஆட்கள் வந்து பலகையைக் கழற்றினார்கள். தூண்களைக் கொண்டுபோனார்கள், தகரத்தை ஏற்ற வாகனத்தில் இடமில்லை. றோஸ்மேரி அதைக் கேட்டு வாங்கி ஆட்டுக் கொட்டிலுக்கு முன்பக்கம் அடித்தாள். எழுத்து வெளியே தெரியத்தான் அடித்தாள். ஒழுங்கையால் போகிறவர்கள் இப்போது ஆடுகளைச் சுகம் விசாரிக்கிறார்கள்.

ஞாயிறு மூன்று மணிக்கு ஒழுங்கையில் வான் சத்தம் இல்லை. மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. ஜவாஹிர், கையில் ஒரேயொரு கடதாசி.

"மூடின கடிதம் அக்கா. ஒரு கையெழுத்து. இத்தோட சரி."

"இருங்கோ தம்பி. நண்டு கிடக்குது, சாப்பிட்டிட்டுப் போங்கோ."

அவன் கதிரையைப் பார்த்தான். கால்களைப் பார்த்தான். பிறகு ஒன்றும் தெரியாதவன் போல அதிலேயே இருந்தான். எங்கேயோ நின்ற மூன்று பிள்ளைகளும் அந்தப் பக்கமாய் வந்து குந்தினார்கள். பின்னால் பஸ்ரியன், முழித்த கண்ணோடு, பொத்தான் இல்லாத சட்டையோடு.

குசினி மூலையில் சிரட்டைகள் நாலும் அடுக்கிக் கிடந்தன. பிறின்சி அவற்றை எடுத்தாள். ஒவ்வொன்றாக அடுப்புக்குள் வைத்தாள். கறி கொதிக்கத் தொடங்கியதும் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, மனுசனுக்குப் பக்கத்தில் மணலில் இருந்தாள்.

"பின் வலது" என்றாள் மெல்ல.

"உனக்கு ஒண்டும் தெரியாது" என்றான் பஸ்ரியன். "பொடியன் முன்னுக்குச் சரியிற ஆள்."